கருணை அல்ல, கடமை

ஓர் அரிசி ஆலையில் ஒரு தொழிலாளியின் கை இயந்திரத்தில் சிக்கித் துண்டாகிவிட்டால், அந்தத் துயரச் செய்தி ஊரை எட்டுமுன்பே அதற்கான விளக்கம் ஊரை எட்டிவிடுகிறது. "ஆள் கவனமில்லாம நின்டிருக்கான்" என்கிறார் ஒருவர். "அவன்ட நஸீபு அப்படி" என்று பெருமூச்சு விடுகிறார் இன்னொருவர். முதலாளி ஆஸ்பத்திரிக்கு வருகிறார். குடும்பத்தாரின் கையில் ஒரு தொகையை வைக்கிறார். "முதலாளி நல்ல மனுசன்" என்று தீர்ப்புக் கூறுகிறார் மூன்றாமவர். அத்துடன் விசாரணை முடிந்தது, வழக்கும் மூடப்பட்டது. மறுநாட் காலையில் அதே இயந்திரம், மூடியற்ற அதே பெல்ட்டுடன், அடுத்தவன் கைக்காகச் சுழலத் தொடங்குகிறது.

இந்த மூன்று வாக்கியங்களையும் தனித்தனியே எடுத்துப் பார்த்தால் குற்றமற்றவை போலவே தோன்றும். ஒன்று அறிவுரை, மற்றது இறைநம்பிக்கை, மூன்றாவது நன்றியறிதல். ஆனால் மூன்றும் கூடிச் செய்யும் வேலை ஒன்றுதான். அந்தப் பெல்ட்டுக்கு மூடி போடாமல் விட்டது யார், போட வேண்டிய கடமை யாருடையது, போடாததற்கு என்ன தண்டனை என்ற கேள்விகள் எழாதவாறு அவை வாயிலை அடைத்து நிற்கின்றன. அவ்வாயிலைத் திறப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

காரைதீவுக்கும் சம்மாந்துறைக்கும் இடையே, வயல்வெளிகளின் நடுவில் கிடக்கும் மாவடிப்பள்ளி போன்ற ஊர்களிலே 'கம்பனி' என்றவுடன் மக்கள் கொழும்பையும் கட்டுநாயக்காவையும் நினைக்கிறார்கள். நம்மிடம் இருப்பவை வெறும் 'மில்'கள் என்று எண்ணுகிறார்கள். நெல்லை வாங்கி, அவித்து, உலர்த்தி, குற்றி, தீட்டி, மூடையாக்கி, லொறியில் ஏற்றிக் கொழும்புச் சந்தைக்கு அனுப்பும் ஓர் அமைப்பு, கூலிக்கு ஆள் பிடித்து இலாபத்துக்கு நடத்தப்படும் ஓர் அமைப்பு, கம்பனி அல்லாமல் வேறென்ன? முதலாளியை நாம் 'காக்கா' என்றும் 'ஹாஜியார்' என்றும் அழைக்கிறோம் என்பதற்காக அவர் தொழில் வழங்குநர் அல்லாதவர் ஆகிவிடுவாரா? உறவுமுறை அன்பின் அடையாளம். கடமையிலிருந்து விடுதலை தரும் சீட்டாக அதை மாற்றிக்கொள்ள எவருக்கும் உரிமை இல்லை.

ஆலைக்குள் நடப்பதைச் சற்று விவரமாகப் பார்ப்போம். உமியை எரித்து நீராவி உண்டாக்கும் கொதிகலன் ஒரு மூலையில் இருக்கிறது. அதன் அமுக்கத்தைக் காட்டும் மானி பழுதாகிவிட்டால் அது கொதிகலன் அல்ல, வெடிகுண்டு. அவித்த நெல்லைக் கொதிக்கும் வெயிலில் களத்தில் பரப்பிக் காலாலும் பலகையாலும் கிளறிக்கொண்டிருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். நெல்லை மேலே தூக்கிச் செல்லும் எலிவேற்றரும், அதைச் சுழற்றும் பெல்ட்டுகளும் கப்பிகளும், இடுப்பில் கட்டிய சாரத்தின் ஒரு முனையைப் பற்றினால் போதும், ஆளையே இழுத்துக்கொள்ளும். அறுபது எழுபது கிலோ எடையுள்ள மூடைகளை முதுகில் சுமந்து பலகை வழியே லொறியில் ஏறுகிற நாட்டாமைக்கு நாற்பது வயதில் முள்ளந்தண்டு அறுபது வயதாகிவிடுகிறது. இவை கண்ணுக்குத் தெரியும் ஆபத்துகள்.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து காற்றில் மிதக்கிறது. உமித்தூசும் தவிட்டுத்தூசும் ஆலையின் கூரையிலும் சுவரிலும் படிவது போலவே மனிதனின் நுரையீரலிலும் படிகின்றன. உமிச்சாம்பலின் பெரும்பகுதி சிலிக்கா. மிகுந்த வெப்பத்தில் எரியும்போது அதன் ஒரு பகுதி பளிங்குருவாக மாறுகிறது. அந்தப் பளிங்குத் துகள் நுரையீரலுக்கு நஞ்சு. இருமல் வருகிறது, பின்பு இளைப்பு வருகிறது, பின்பு வேலை போகிறது. கை துண்டானால் குறைந்தபட்சம் ஒரு நாளாவது ஊர் பேசும். சுவாசம் துண்டானால் யாரும் பேசுவதில்லை. பீடி குடித்ததால் வந்தது என்று கூறிவிட்டுப் போய்விடுவார்கள்.

இது புதிதாய்க் கண்டுபிடிக்கப்பட்ட உண்மையும் அல்ல. இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமாசினி, தொழிலாளரின் நோய்களைப் பற்றிய தமது நூலை 1700ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார். தானியத்தைப் புடைப்போரும் அளப்போரும் அதன் தூசியால் அடையும் சுவாசத் துன்பத்தை அந்நூலில் அவர் விவரித்திருக்கிறார். நோயாளியிடம் மருத்துவர் கேட்க வேண்டிய கேள்விகளோடு, 'நீ என்ன தொழில் செய்கிறாய்?' என்ற கேள்வியையும் சேர்க்க வேண்டுமென வற்புறுத்தியவர் அவரே. முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாகிவிட்டது. நம் நாட்டு நோயாளிச் சீட்டுகளில் எத்தனையில் அந்தக் கேள்விக்கான விடை எழுதப்படுகிறது?

உண்பவன் உணவைப் பற்றிக் கவலைப்படுகிறான். உணவை ஆக்கியவனைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. அமெரிக்க எழுத்தாளர் அப்டன் சிங்க்ளேர், சிக்காகோ நகரத்து இறைச்சித் தொழிற்சாலைகளில் தொழிலாளர் படும் கொடுமையை 'தி ஜங்கிள்' என்ற நாவலாக 1906இல் வெளியிட்டார். நாடு கொதித்தெழுந்தது. எதற்காக? தொழிலாளிக்காக அல்ல, தாம் தின்னும் இறைச்சி அசுத்தமாயிருக்கிறதே என்பதற்காக! அதே ஆண்டில் உணவுச் சுத்தம் பற்றிய சட்டங்கள் நிறைவேறின. அந்த நாவலின் தொழிலாளி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தான். நாமும் சம்பாவில் கல் இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறோம். அந்தச் சம்பாவைத் தீட்டியவனின் நெஞ்சில் என்ன இருக்கிறது என்று கேட்பதில்லை.

இனி அந்த வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, விதி. 2024 நவம்பர் 26ஆம் நாள் காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியை மேவிப் பாய்ந்த வெள்ளத்தில் ஓர் உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டது. நிந்தவூரில் மத்ரசாவில் ஓதிவிட்டுச் சம்மாந்துறைக்கு வீடு திரும்பிக்கொண்டிருந்த பிள்ளைகளும், உடனிருந்த வேறு சிலரும் உயிரிழந்தார்கள். அந்தத் துயரத்தில் இப்பிரதேசம் முழுவதும் அழுதது. ஆனால் அழுததோடு நிற்கவில்லை. வெள்ளம் பாயும் வீதியில் வண்டியைப் போகவிட்டது யார், பிள்ளைகளை அனுப்பியது யார், பாதையை முன்கூட்டியே மூடாதது ஏன், தாழ்ந்த வீதியை உயர்த்தாதது ஏன் என்று எல்லாரும் கேட்டார்கள். அவ்வாறு கேட்டவர்கள் ஈமான் குறைந்தவர்களா? இல்லை. மரணம் இறைவன் கையில் என்று நம்பிக்கொண்டே, மனிதன் கையில் இருந்த பொறுப்பை மனிதனிடம் கேட்டார்கள். அது நியாயமான கேள்வி. நெஞ்சுள்ள மக்களின் கேள்வி. அந்த நியாயம் ஆலை வாசலில் மட்டும் ஏன் நின்றுவிடுகிறது?

மார்க்கத்தின் பெயரால் சோம்பலை நியாயப்படுத்துவோருக்கு மார்க்கமே பதில் சொல்கிறது. ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு இறைவன்மேல் பாரத்தைப் போடப் பார்த்த மனிதருக்கு, முதலில் கட்டு, பின்பு நம்பிக்கை வை என்று போதிக்கப்பட்ட வரலாற்றை அறியாத பிள்ளை நம் மத்ரசாக்களில் உண்டா? தூர தேசத்தில் ஒரு பிராணி இடறி விழுந்தாலும், அதற்குப் பாதை செப்பனிடாத தாமே பொறுப்பாளி என்று கலீபா உமர் அஞ்சியதாகப் பள்ளிவாசல்களில் எத்தனை தடவை சொல்லக் கேட்டிருக்கிறோம்! பாதையில் இடறிய பிராணிக்கு ஆட்சியாளர் பொறுப்பென்றால், தன் ஆலையின் தரையில் வழுக்கிய மனிதனுக்கு முதலாளி பொறுப்பில்லையா? பெல்ட்டுக்கு மூடி போடுவதும் ஒட்டகத்தைக் கட்டுவதுதான்.

இரண்டாவது, கவனக்குறைவு. இதுவே எல்லாவற்றிலும் நயவஞ்சகமான வாதம். ஏனெனில் இது பாதி உண்மை. மனிதன் கவனம் தவறுகிறான். பத்து மணி நேரம் ஒரே ஓசையைக் கேட்டு, ஒரே அசைவைச் செய்து, வியர்வை கண்ணில் வழிய நிற்பவனின் கவனம் ஒரு கணம் தவறத்தான் செய்யும். அதனால்தான் இயந்திரத்துக்கு மூடி வேண்டும்! எவனுடைய கவனமும் எந்நாளும் தவறாது என்றால் மூடியே தேவையில்லை அல்லவா? தவறக்கூடிய மனிதன், தவறாமல் சுழலும் இயந்திரத்தின் அருகில் நிற்கிறான் என்ற எளிய உண்மையிலிருந்துதான் தொழிற்சாலைச் சட்டம் என்பதே பிறந்தது.

நம் நாட்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம். இங்கிலாந்தின் 1937ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தை அடியொற்றி அமைந்தது. அந்த ஆங்கிலச் சட்டத்தின் கீழ், சாணைக்கல்லில் விரல் சிக்கிய ஒரு தொழிலாளியின் வழக்கு 1955இல் பிரபுக்கள் சபை வரை சென்றது. ஆபத்தான பாகத்துக்கு முழுமையாக வேலி இட்டால் இயந்திரத்தையே பயன்படுத்த முடியாதே என்று கம்பனி வாதாடியது. அப்படியானாலும் வேலியிடும் கடமை கடமைதான் என்று சபை தீர்ப்பளித்தது. அதாவது, மனிதனின் விரலா இயந்திரத்தின் ஓட்டமா என்ற கேள்வி எழுந்தால், சட்டத்தின் விடை விரல்தான். நம் ஊர்களில் அந்த விடை இன்னமும் தலைகீழாகவே இருக்கிறது.

கவனக்குறைவு வாதம் முற்றாகச் சாம்பலாகும் இடம் ஒன்றுண்டு. 2018 ஏப்ரல் 19ஆம் நாள் ஹொரணையை அடுத்த பெல்லப்பிட்டியவில், ஒரு ரப்பர் தொழிற்சாலையின் அமோனியாத் தொட்டிக்குள் ஒரு தொழிலாளி விழுந்தார். அவரைக் காப்பாற்ற மற்றவர்கள் பாய்ந்தார்கள். ஐந்து உயிர்கள் போயின. காப்பாற்றப் பாய்ந்தவர்களைக் கவனமற்றவர்கள் என்று சொல்ல எந்த நாவுக்குத் துணிவுண்டு? அவர்கள் செய்தது மனிதன் செய்யக்கூடிய மிக உயர்ந்த காரியம். ஆனால் நச்சுக்காற்று நிறைந்த தொட்டிக்குள் வீரத்தால் மூச்சுவிட முடியாது. இறங்குமுன் காற்றைச் சோதிக்கும் கருவி வேண்டும். இடுப்பில் கயிறு வேண்டும். சுவாசக் கவசம் வேண்டும். மேலே ஒருவர் காவல் நிற்க வேண்டும். இவற்றை முன்கூட்டியே பயிற்றுவித்திருக்க வேண்டும். இவற்றில் எதையும் ஒரு தொழிலாளி தன் நாட்கூலியில் வாங்கிக்கொண்டு வர முடியாது.

வங்காளதேசத்தின் ராணா பிளாசாவையும் நினைவுகூர வேண்டும். 2013 ஏப்ரல் 23ஆம் நாள் அந்த எட்டு மாடிக் கட்டடத்தின் சுவர்களில் வெடிப்புகள் காணப்பட்டன. கீழே இருந்த வங்கிக் கிளை தன் ஊழியரை வீட்டுக்கு அனுப்பியது. மேலே இருந்த ஆடைத் தொழிற்சாலைகளோ மறுநாட் காலையில் தம் தொழிலாளரை உள்ளே அழைத்தன. கட்டடம் இடிந்து 1,134 பேர் மாண்டார்கள். ஒரே கட்டடம், ஒரே வெடிப்பு. உள்ளே போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்தவர்கள் மட்டும் வேறு. தொழிலாளி அந்த முடிவை எடுக்கவில்லை. அஞ்சி வாசலில் நின்றவர்களைச் சம்பளம் போய்விடும் என்ற பயம் உள்ளே தள்ளியது. அங்கே இடிந்து விழுந்தது சீமெந்து மட்டுமல்ல. 'தொழிலாளியின் அசட்டை' என்ற பொய்யும் அங்கே இடிந்து விழுந்தது.

மூன்றாவது வாதம் சற்று நாகரிகமானது. பெரிய கம்பனிகளின் சுவர்களில் அழகிய எழுத்தில் தொங்குவது. 'பாதுகாப்பு நம் அனைவரின் பொறுப்பு' என்பது அது. கேட்க இனிமையாக இருக்கிறது. சமத்துவம் போலவும் இருக்கிறது. ஆனால் இலாபம் நம் அனைவருடையதா? இயந்திரம் நம் அனைவருடையதா? எந்த இயந்திரத்தை வாங்குவது, எத்தனை ஆட்களை வைப்பது, எத்தனை மணி நேரம் ஓட்டுவது, பழுது பார்க்க எப்போது நிறுத்துவது என்ற முடிவுகள் நம் அனைவருடையவையா? இவை ஒன்றிலும் பங்கு தராதவர்கள் பொறுப்பில் மட்டும் பங்கு தருவதற்கு முண்டியடித்துக்கொண்டு வருகிறார்களே, இந்தத் தாராள மனத்தை என்னவென்று சொல்வது!

பொறுப்பு என்பது அதிகாரத்தின் நிழல். அதிகாரம் எங்கே நிற்கிறதோ அங்கேதான் அந்த நிழல் விழ வேண்டும். தொழிலாளிக்கும் ஒரு பொறுப்பு உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. கொடுத்த கவசத்தை அணிவது, போட்ட மூடியைக் கழற்றாதிருப்பது, பக்கத்தில் நிற்பவனை ஆபத்தில் மாட்டாதிருப்பது, கண்ட பழுதை உடனே சொல்வது ஆகியவை அவனுடைய பொறுப்புகள். மேற்பார்வையாளருக்கு அதைவிடப் பெரிய பொறுப்பு: சொல்லப்பட்ட பழுதைக் காதில் வாங்குவது, வேலையை நிறுத்துவது. முகாமையாளருக்கு அதனினும் பெரியது: பயிற்சி, பரிசோதனை, பதிவேடு. எல்லாவற்றிலும் பெரியது பணத்தை ஒதுக்கும் கையுடையவரின் பொறுப்பு. இங்கிலாந்தின் 1974ஆம் ஆண்டுச் சட்டம் இந்தப் படிவரிசையை எழுத்திலேயே வைத்தது. தொழிலாளி நியாயமான கவனம் எடுக்க வேண்டும் என்றது. ஆனால் தொழிலாளரின் உடல்நலத்தையும் பாதுகாப்பையும் பேணும் பொதுக்கடமையைத் தொழில் வழங்குநர்மேல் வைத்தது. இயக்குநரின் சம்மதத்தாலோ கண்டும் காணாமையாலோ அசட்டையாலோ குற்றம் நேர்ந்தால், கம்பனியுடன் அவரும் குற்றவாளியே என்றது. அசட்டை என்ற சொல்லை அந்தச் சட்டம் மேலே நோக்கியும் திருப்பியது. நாம் அதைக் கீழே நோக்கி மட்டுமே பழகிவிட்டோம்.

பாதுகாப்புத் துறை அறிந்தோர் ஆபத்தைத் தடுக்கும் வழிகளை ஓர் ஏணியாக வைத்திருக்கிறார்கள். ஆபத்தை அடியோடு அகற்றுவது முதற்படி. ஆபத்துக் குறைந்த பொருளையோ முறையையோ கைக்கொள்வது இரண்டாவது. இயந்திரத்துக்கு மூடி, தூசியை உறிஞ்சும் அமைப்பு முதலிய பொறியியல் ஏற்பாடுகள் மூன்றாவது. வேலைமுறையும் பயிற்சியும் நான்காவது. இவை அனைத்தும் போதாதவிடத்து முகக்கவசமும் கையுறையும் கடைசி. நம் கம்பனிகள் இந்த ஏணியைத் தலைகீழாக நிறுத்தியிருக்கின்றன. தூசியைப் பிடிக்கும் சைக்ளோன் வைப்பதற்குப் பதிலாக இரண்டு ரூபாய்த் துணியை வாயில் கட்டச் சொல்கிறார்கள். தொழிலாளி மூச்சுத் திணறி அதைக் கழற்றினால், 'பார்த்தீர்களா, கொடுத்தாலும் போடுகிறானில்லை' என்று சாட்சி கூறுகிறார்கள்.

தொழிலாளி கவசம் போடமாட்டான் என்பது உண்மையா? நம் கரையோர ஊர்களிலிருந்து கட்டாருக்கும் சவூதிக்கும் போன இளைஞரைக் கேளுங்கள். அங்கே தலைக்கவசமும் காலணியும் இல்லாமல் வேலைத்தளத்துள் காலடி வைக்க முடியாது. கட்டாரில் 2021ஆம் ஆண்டின் விதிப்படி, ஜூன் முதலாம் திகதி தொடக்கம் செப்டெம்பர் 15 வரை காலை பத்து மணியிலிருந்து பிற்பகல் மூன்றரை மணி வரை வெயிலில் வேலை வாங்குவது தடை. வளைகுடாவின் கட்டட வேலைத்தளங்கள் சுவர்க்கம் என்று நாம் சொல்லவில்லை. அங்கிருந்து பெட்டியில் திரும்பியோரின் கதையை நம் ஊர்கள் அறியும். நாம் சொல்வது இவ்வளவே: அங்கே கவசம் அணிந்த அதே மனிதன் இங்கே வெறுங்காலுடன் கொதிகலன் அருகே நிற்கிறான். மனிதன் மாறவில்லை. அங்கே கொடுக்கிறார்கள், கேட்கிறார்கள். இங்கே கொடுப்பதுமில்லை, கேட்பதுமில்லை.

'சிறிய ஆலை, எங்களுக்குக் கட்டுபடியாகாது' என்பது நான்காவது வாதம். இதில் ஓரளவு உண்மையுண்டு. உண்மையுள்ள இடத்தில் அதை ஒப்புக்கொள்வதே நேர்மை. மின்கட்டணமும் வங்கி வட்டியும் பெரிய ஆலைக்காரரின் போட்டியும் சிறிய ஆலைக்காரரை நெருக்குகின்றன. ஆனால் பெல்ட்டுக்குக் கம்பி வலையால் ஒரு மூடி அடிப்பது ஊர் வெல்டிங் கடைக்காரரின் அரைநாள் வேலை. வழுக்கும் தரையைக் கழுவுவதற்கும், களத்தில் வேலை செய்யும் பெண்களுக்கு நிழலும் குடிநீரும் கழிப்பறையும் தருவதற்கும் கடன் எடுக்கத் தேவையில்லை. தூசியகற்றும் அமைப்புக்குப் பணம் வேண்டும், உண்மை. அதற்கு அரசு குறைந்த வட்டியில் கடன் கொடுக்கட்டும். அதை முதலாளிமாரோடு சேர்ந்து நாமும் கேட்போம். சட்டம் எல்லா ஆலைகளுக்கும் ஒரே கண்டிப்புடன் நடைமுறையாகும்போதுதான், பாதுகாப்புக்குச் செலவிட்ட நல்ல முதலாளி செலவிடாதவரிடம் தோற்றுப்போகாமல் இருப்பார். ஆகவே, சட்டம் நல்ல முதலாளிக்கும் நண்பன்.

இனி, 'முதலாளி நல்ல மனுசன்' என்ற தீர்ப்புக்கு வருவோம். நம்முடைய சண்டை முதலாளியின் இதயத்தோடு அல்ல. ஏழைக்கு உதவும் பண்பு நம் சமூகத்தின் பெருமை. ஆனால் நட்டஈடு வேறு, சதகா வேறு. சதகா கொடுப்பவரின் உள்ளத்தைப் பொறுத்தது. நட்டஈடு இழந்தவனின் உரிமையைப் பொறுத்தது. கடனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அதைத் தர்மம் என்று கணக்கெழுதுபவரை நாம் என்ன சொல்வோம்? தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934இலிருந்து இந்நாட்டில் இருக்கிறது. வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் நேர்ந்த காயத்துக்கு நட்டஈடு பெறத் தொழிலாளி தன் முதலாளியின் குற்றத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. தன் சாதாரணக் கவனப்பிசகுக்காக அதை இழப்பதுமில்லை. 2022ஆம் ஆண்டின் திருத்தம் உச்சத் தொகையை ஐந்தரை இலட்சம் ரூபாயிலிருந்து இருபது இலட்சமாக உயர்த்தியது. வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்தையும் சேர்த்துக்கொண்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலருகே கொடுக்கப்பட்ட கட்டுப் பணத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தத் தொகை பல வேளைகளில் உதவியன்று. உரிமையை மலிவாக வாங்கும் விலை.

இது சிற்றூர்களின் பழக்கம் மட்டுமல்ல. தமிழ்நாட்டின் கொடைக்கானலில் ஹிந்துஸ்தான் லீவர் கம்பனியின் வெப்பமானித் தொழிற்சாலை, பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவுகள் வெளியே கொட்டப்பட்டது அம்பலமானபின் 2001இல் மூடப்பட்டது. தம் உடல் பாதரசத்தால் கெட்டதென்று தொழிலாளர் போராடினர், கம்பனி மறுத்துவந்தது. 2016இல், பதினைந்து ஆண்டுகள் கழித்து, 591 முன்னாள் தொழிலாளருக்கான உடன்படிக்கை ஏற்பட்டது. அப்போதும் அத்தொகை கருணைத்தொகை என்றே பெயர் பெற்றது. உலகப் பெருங் கம்பனியும் நம் ஊர் ஆலையும் இந்த ஒரு சொல்லில் சந்திக்கின்றன: கருணை. கடமை என்று ஒப்புக்கொண்டால் நாளைக்கும் செய்ய வேண்டும். கருணை என்று சொன்னால் இன்றோடு முடிந்துவிடும். அந்தச் சொல்லின் கவர்ச்சி அதில்தான் இருக்கிறது.

உரிமை ஏட்டில் இருந்தாலும் கைக்கு எட்டுவதில்லையே, ஏன்? பதிவேட்டில் பெயர் இல்லை. நாட்டாமையும் களத்துப் பெண்ணும் நாட்கூலிகள். இன்று இந்த ஆலை, நாளை அந்த ஆலை. ஊழியர் சேமலாப நிதி இல்லை, சம்பளச் சீட்டு இல்லை. காயப்பட்டவன் காயத்தை நிரூபிக்குமுன், தான் அங்கே வேலை செய்தான் என்பதையே நிரூபிக்க வேண்டியிருக்கிறது. உயிரிழப்பையும், தொழிலாளியை மூன்று நாட்களுக்கு மேல் முடக்கும் விபத்தையும் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். பெயரற்றவனின் விபத்தை யார் அறிவிப்பார்கள்? அறிவிக்கப்படாத விபத்து அரசாங்கப் புள்ளிவிபரத்தில் நிகழாத விபத்து. அந்தப் புள்ளிவிபரத்தைக் காட்டி, 'எங்கள் பகுதியில் பிரச்சினை இல்லை' என்கிறார்கள்.

தொழிற்சாலைச் சட்டம் தொழிற்சாலைக்கு மட்டும் உரியது. வயலுக்கு அது வருவதில்லை. நம் வட்டைகளில் முழங்கால் சேற்றில் நிற்பவனை எலிக்காய்ச்சல் பிடிக்கிறது. 2008இல் இந்நாட்டில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் அந்நோய்க்கு ஆளானதாகக் கணக்கிடப்பட்டது. அது தொழிலால் வரும் நோய். வயலில் இறங்குவோருக்கு வாரத்துக்கு ஒருமுறை கொடுக்கும் டொக்சிசைக்ளின் வில்லையைப் பொதுச் சுகாதார உத்தியோகத்தர் இலவசமாகவே தருகிறார். ஆனால் கூலியாளை வயலில் இறக்கும் போடியாருக்கு அந்த வில்லையைப் பற்றிக் கவலைப்படும் கடமை எந்தச் சட்டத்தில் இருக்கிறது? தொழிற்பாதுகாப்புக்கும் சுகாதாரத்துக்குமான தேசிய நிறுவகம் 2009ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. பாதுகாப்பான, சுகாதாரமான தொழிற்சூழலைத் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாகச் சர்வதேசத் தொழில் மாநாடு 2022 ஜூனில் பிரகடனம் செய்தது. ஜெனீவாவில் பிரகடனமான உரிமை சம்மாந்துறை வட்டைக்கு நடந்து வர எத்தனை ஆண்டுகள் வேண்டும்?

நாம் கேட்பவை வானத்து நட்சத்திரங்கள் அல்ல. ஆலைக்குள் கால் வைக்கும் ஒவ்வொருவரின் பெயரும், ஒரு நாள் வேலையாயினும், பதிவேட்டில் எழுதப்பட வேண்டும். சுழலும் ஒவ்வொரு பாகத்துக்கும் மூடி வேண்டும். கொதிகலன் உரிய காலத்தில் தகுதியுள்ளவரால் சோதிக்கப்பட்டு, அந்தச் சான்றிதழ் எல்லாரும் வாசிக்கத்தக்க தமிழில் வாசலில் தொங்க வேண்டும். தொழிலாளர் தாமே தெரிவுசெய்த ஒருவர் பாதுகாப்பைக் கண்காணிக்க வேண்டும். ஆபத்தைக் கண்டால் கூலி வெட்டின்றி வேலையை நிறுத்தும் உரிமை அவர்களுக்கு வேண்டும். பரிசோதனைப் பொறியியலாளர் விபத்துக்குப் பின்பு வருபவராக இல்லாமல், முன்பே, சொல்லாமல் வருபவராக இருக்க வேண்டும். வயலையும் கடலையும் கட்டட வேலையையும் உள்ளடக்கிய, எல்லாத் தொழிலுக்குமான சட்டம் வேண்டும்.

இவை மனுக்களால் மட்டும் வருவதில்லை. நம் கரையோர ஊர்களில் பள்ளிவாசல் நிருவாகமுண்டு, விளையாட்டுக் கழகமுண்டு, மரண உதவிச் சங்கமுண்டு, தொழிற்சங்கந்தான் அருமை. இறந்தபின் உதவ ஒரு சங்கம் அமைத்தவர்களுக்கு, இறவாமல் காக்க ஒரு சங்கம் அமைப்பது இயலாததா? கூலியை வியர்வை உலருமுன் கொடுக்கச் சொல்லும் ஜும்ஆப் பிரசங்கம், அந்த வியர்வை இரத்தமாகாமல் காக்கவும் சொல்லட்டும். எழுதுவோரும் தம் கடமையை எண்ணிப் பார்க்க வேண்டும். வயலின் அழகையும் கடலின் அலையையும் எழுதிவிட்டோம், பசியையும் எழுதினோம். உமித்தூசு படிந்த நெஞ்சின் இளைப்பை எழுதியவர் நம்முள் எத்தனை பேர்?

தொழிலாளி தன் நேரத்தை விற்கிறான். தன் திறமையை விற்கிறான். தன் விரலையும் நுரையீரலையும் அவன் விற்கவில்லை. கூலிக்கணக்கில் அவற்றுக்கு விலை எழுதப்படவுமில்லை. காலையில் ஆலைக்குள் நுழைந்த உடல் எவ்வாறிருந்ததோ, மாலையில் அவ்வாறே அதை அவன் வீட்டுக்குத் திருப்பி அனுப்புவது அவனை வேலைக்கு அழைத்தவரின் கடமை. அந்தக் கடமையைச் செய்தவருக்கு நன்றி சொல்ல வேண்டியதில்லை. செய்யாதவரை மன்னிக்க வேண்டியதுமில்லை.